விரிந்ததா, விரித்தார்களா? டிப்ளாய்மெண்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

சப்டைட்டில் எழுதுபவர், சென்னை (செவ்வாய் காலை)

அனைவருக்கும் வணக்கம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைக் கட்டி அனுப்பியவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன். டிப்ளாய்மெண்ட். மடித்து அனுப்பியதை விண்வெளியில் பிரித்து வேலைக்குத் தயாராக்குவது.

கண்ணாடியின் விட்டம் 6.5 மீட்டர். வெயில் தடுக்கும் திரை ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவு. ஏரியான் 5 ராக்கெட்டின் மூக்குக்கூம்புக்குள் கிடைத்த அகலமோ சுமார் நாலரை மீட்டர்தான். அதனால் எல்லாவற்றையும் மடித்து வைத்து, 2021 டிசம்பர் 25 அன்று பிரெஞ்சு கயானாவில் உள்ள கூருவிலிருந்து ஏவினார்கள். அடுத்த இரண்டு வாரம், மடித்ததை ஐம்பது பெரிய படிகளில் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள்தான் படத்தின் உயிர். வாய்க்கு வாய் இந்தச் சொல் வருகிறது.

கணினி மொழிபெயர்ப்பில் போட்டால் 'வரிசைப்படுத்தல்' என்கிறது. 'கண்ணாடி வெற்றிகரமாக வரிசைப்படுத்தப்பட்டது' என்று எழுதினால் படம் பார்க்கிற என் அம்மாவுக்கு என்ன புரியும்? மென்பொருள்காரர்களின் 'நிறுவல்' இங்கே ஒட்டாது. படைகளுக்குச் சொல்லும் 'நிலைநிறுத்தம்' அதைவிட மோசம். எனக்கு 'விரிப்பு' என்று வருகிறது. சரிதானா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர் (செவ்வாய் மாலை)

அம்மா, 'விரிப்பு' வேண்டாம். அது செயலுக்குப் பெயராக இருப்பதைவிட விரித்த பொருளுக்கே பெயராக நிலைத்துவிட்டது. படுக்கை விரிப்பு, தரை விரிப்பு. 'வெப்பின் 50 விரிப்புகள்' என்றால் துணிக்கடைப் பட்டியல் மாதிரி இருக்கும்.

மடிந்திருப்பது படிப்படியாகத் திறப்பதற்கு நம் மொழியில் இருக்கும் நுட்பம் வேறு எங்கே இருக்கிறது? அரும்பு, முகை, போது, மலர், அலர் என்று ஒவ்வொரு நிலைக்கும் பெயர் வைத்தவர்கள் நாம். வள்ளுவர் காதல் நோயையே இந்த வரிசையில்தான் அளக்கிறார்:

காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி
மாலை மலரும்இந் நோய்

வெப்பின் கண்ணாடி 18 அறுகோணத் துண்டுகள் என்று படித்தேன். இரண்டு ஓரத்திலும் மும்மூன்று துண்டுகள் பின்பக்கமாக மடங்கியிருந்தனவாம். அவை இதழ்கள் அல்லாமல் வேறென்ன? மடித்து வைத்த நிலையை 'முகைநிலை' என்போம். பாதி திறந்தது 'போது'. முழுக்கத் திறந்தது 'அலர்'. டிப்ளாய்மெண்டுக்கு 'அலர்வு' என்று வைத்துவிட்டால் ஒரு சொல் மட்டுமல்ல, ஒரு குடும்பமே கிடைக்கிறது.

செயற்கைக்கோள் பொறியாளர், பெங்களூரு (புதன் காலை)

ஐயா, படிக்க ஆசையாக இருந்தது. ஆனாலும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், அகத்திணை படித்த எவருக்கும் 'அலர்' என்றால் ஊர்ப்பேச்சுதான் நினைவுக்கு வரும். அதைக்கூட விட்டுவிடலாம். என் வருத்தம் வேறு. பூ தானாக மலரும். அதற்கு ஆள் வேண்டாம். இந்தத் தொலைநோக்கியில் ஆள் உழைப்பில்லாமல் திறந்தது என்று சொல்லிவிடக் கூடிய முக்கியமான உறுப்பு எதுவுமே இல்லை என்பேன். திரையின் மெல்லிய ஏடுகளைச் சுருட்டிப் பிடித்திருந்த பூட்டுகள் மட்டும் 107. ஒவ்வொரு பூட்டையும் வரைந்தவர், முறுக்கியவர், பல முறை திறந்து மூடிச் சோதித்தவர் இருக்கிறார்கள். 2018இல் ஒலிச் சோதனை முடிந்து பார்த்தபோது திரையின் உறையிலிருந்து சில திருகாணிகள் கழன்று விழுந்திருந்தன. மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் போய் 'மலர்ந்தது' என்று எப்படிச் சொல்வது?

தமிழ் இலக்கணம் இங்கே நமக்குத் துணையாக இருக்கிறது. விரிந்தது தன்வினை, விரித்தது பிறவினை. ஒரே ஒரு மெய் மாறினால் செய்தவர் உள்ளே வந்துவிடுகிறார். மனிதர்களைப் பற்றிய படம் என்றால் பிறவினையைத்தான் எடுக்க வேண்டும். 'விரித்தல்' என்பது என் வாக்கு. 'விரிக்கப்பட்டது' என்றும் எழுத வேண்டாம், அதில் செய்தவர் மறுபடி காணாமல் போகிறார். 'விரித்தார்கள்' என்றால் வரியும் சின்னதாக இருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் 'டிப்ளாய் ஆயிடுச்சு' என்றுதான் சொல்வோம். அதுவும் தன்வினைதான் என்று இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

இயற்பியல் ஆசிரியை, மதுரை (புதன் இரவு)

பொறியாளர் சொன்னதோடு உடன்படுகிறேன். குடை விரித்தல், பாய் விரித்தல், தோகை விரித்தல் எல்லாம் பிள்ளைகள் நாவில் இருக்கிறது. 'முகைநிலை' என்றால் பத்தாம் வகுப்பில் ஒரு கை கூட உயராது.

ஆனால் எல்லாமே விரித்தல் இல்லையே. டிசம்பர் 29 அன்று தொலைநோக்கிக்கும் கலத்தின் உடலுக்கும் நடுவில் உள்ள தூண் சுமார் 1.2 மீட்டர் மேலே நீண்டது. அது நீட்டல். ஜனவரி 3, 4இல் திரையின் ஐந்து ஏடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக விறைப்பாக்கினார்கள். அது இழுத்துக் கட்டுதல், கிராமத்தில் பந்தல் போடும்போது சொல்வோமே, அதுதான். கண்ணாடியின் ஓரங்களை ஜனவரி 7, 8இல் முன்னால் திருப்பிப் பூட்டினார்கள். ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது என்பதற்காக நாமும் கட்ட வேண்டுமா? நீட்டினார்கள், இழுத்துக் கட்டினார்கள், திருப்பினார்கள் என்று இடத்துக்குத் தகுந்த வினையைப் போட்டால் கலைச்சொல்லே தேவைப்படாது.

சப்டைட்டில் எழுதுபவர் (வியாழன் காலை)

அக்கா, நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் 'ஐம்பதில் இது பதினேழாவது' என்கிற மாதிரி எண்ணிச் சொல்லும் இடங்களில் மாட்டிக்கொள்கிறேன். ஐம்பது எது? பொதுவாக ஒரு பெயர்ச்சொல் வேண்டியிருக்கிறது.

தமிழாசிரியர் (வியாழன் மதியம்)

தம்பி தன்வினை, பிறவினை என்று சொன்னது நல்ல வாதம். ஆனால் பாதிதான் சொன்னார். மலர்தலுக்கும் பிறவினை உண்டு, 'மலர்த்துதல்'. தாமரையை ஞாயிறு மலர்த்துகிறது என்று சொல்வதில்லையா? அலர்த்துதலும் அப்படியே. ஆகவே செய்தவர் விடுபடுகிறார் என்பது என் சொல்லுக்குப் பொருந்தாது. 'மலர்த்தல்' என்று திருத்திக்கொண்டு, கோரிக்கையை அப்படியே வைக்கிறேன்.

ஞாயிறு என்றதும் இன்னொன்று. அந்தத் திரைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? 'சூரியக் கவசம்' என்று செய்தித்தாளில் பார்த்தேன். கவசம் என்பது உடம்போடு ஒட்டியது. இது தள்ளி நின்று நிழல் தருவது. புறநானூற்று 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் கேட்கிறார்:

கண்பொர விளங்கும்நின் விண்பொரு வியன்குடை
வெயில்மறைக் கொண்டன்றோ அன்றே வருந்திய
குடிமறைப் பதுவே

விண்ணை முட்டும் உன் குடை வெயிலை மறைக்கவா பிடிக்கப்பட்டது? இல்லை, வருந்தும் குடிமக்களுக்கு நிழலாகத்தான் என்கிறார். 'வெயில்மறை' என்ற சொல் அங்கேயே கிடக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். குடை யாருக்காக என்று கேட்ட பாட்டு, மனிதர்களைப் பற்றிய உங்கள் படத்துக்குப் பொருத்தம் என்றும் எனக்குப் படுகிறது.

பொறியாளர் (வியாழன் மாலை)

'வெயில்மறை'க்கு முழு மனதோடு ஆம் ஐயா. ஒரு பக்கம் சுமார் 85 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் மைனஸ் 233. அந்த வேலையைச் சொல் அப்படியே சொல்கிறது.

ஆனால் தாமரை உவமை ஒட்டவில்லை. இந்தக் கருவி ஞாயிற்றுக்கு முதுகைக் காட்டியே வேலை செய்வது. பூ வேண்டுமென்றால் இரவில் பூக்கும் ஆம்பலைத்தான் சொல்லலாம்.

ஆசிரியை (வியாழன் இரவு)

சரி, ஆம்பலா தாமரையா என்பதை இன்னொரு நாள் பேசலாம். அவருக்கு நாளைக்குக் கெடு. நான் 'விரித்தல்'.

சப்டைட்டில் எழுதுபவர் (வெள்ளி விடியற்காலை)

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு டிசம்பர் 31ஆம் தேதிக் காட்சிக்கு எழுதும்போது எனக்கு விடை கிடைத்த மாதிரி இருந்தது.

அன்று வெயில்மறையின் உறை சுருண்டு விலகிவிட்டதா என்று காட்ட வேண்டிய ஸ்விட்சுகள் எதுவும் காட்டவில்லை. கட்டளை போய்விட்டது. நிமிர்ந்து பார்க்கக் கலத்தில் கேமரா இல்லை. பூமிக்கு அருகில் சுற்றும் ஹப்பிள் தொலைநோக்கியை 1993இல் ஆள் போய்ச் சரிசெய்தார்கள். 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்குப் போகிற வெப்புக்கு அதுவும் முடியாது. கடைசியில் ஓர் உணர்கருவியின் மேல் வெயில் விழாமல் வெப்பநிலை மாறியதையும், கலம் லேசாக அசைந்ததைச் சுழல்காட்டி (ஜைரோஸ்கோப்) சொன்னதையும் சேர்த்துப் பார்த்துத்தான் உறை விலகியது என்று முடிவு செய்தார்கள்.

அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு முறை வருகிறது. நான் இப்படி எழுதினேன்:

விரித்தாயிற்று.
விரிந்ததா?

பிறவினைக்கும் தன்வினைக்கும் நடுவில் இருந்த அந்த நேரம்தான் அவர்கள் பட்ட பாடு. 2017 ஆகஸ்டில் ஹூஸ்டனில் ஹார்வி புயல் வெள்ளத்துக்கு நடுவிலும் தொலைநோக்கியின் குளிர்சோதனையை நிறுத்தாமல் நடத்தியவர்கள், இங்கே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டு வரியையும் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதனால் எண்ணும் இடங்களில் 'விரித்தல்', மற்ற இடங்களில் அக்கா சொன்னபடி அந்தந்த வினை. திரைக்கு 'வெயில்மறை'. அனுப்பிவிட்டேன்.

தமிழாசிரியர் (வெள்ளி காலை)

அந்த இரண்டு வரிக்கு என் வாழ்த்து. 'மலர்த்தியாயிற்று' என்றால் நாக்கு இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணாடிக்கு மட்டும் மலர்த்தலே பொருந்தும். பதிவில் என் மறுப்பு இருக்கட்டும்.

சப்டைட்டில் எழுதுபவர் (வெள்ளி மதியம்)

இருக்கட்டும் ஐயா. இன்னொன்றும் கேட்க வேண்டும். படத்தின் இரண்டாம் பாகத்தைத் திங்கள் வரை தள்ளி வாங்கியிருக்கிறேன். அதில், ஒன்றே ஒன்று பழுதானாலும் மாற்று வழி இல்லாமல் மொத்தத் திட்டமும் போய்விடும் என்ற இடங்கள் 344 இருந்தன என்று வருகிறது. 'மாற்றிலி' என்று குறித்து வைத்திருக்கிறேன். யாராவது பாருங்கள்.

பொறியாளர் (வெள்ளி மாலை)

'மாற்றிலி' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது இடமா, உறுப்பா, நிகழ்வா?