‘அப்ளையன்ஸ் ஷெட்யூலிங்’: ‘உபகரண முறைவைப்பு’ எனலாமா?

அன்புடையீர்,

வீட்டு மின்னுபகரணங்களை எப்போது இயக்குவது என்பதைச் செலவையும் சௌகரியத்தையும் சேர்த்துப் பார்த்துத் தீர்மானிக்கும் செயலுக்கு ‘நேரசூசிப்படுத்தல்’, ‘அட்டவணையிடல்’ ஆகிய இரண்டும் நம் கலைச்சொல் குழுவில் முன்வைக்கப்பட்டுள்ளன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. நேரசூசியும் அட்டவணையும் தீர்மானித்து முடித்தபின் கையில் கிடைப்பவை. நாம் பெயர் தேடுவதோ, எதை முந்தவிட்டு எதைக் காக்கவைப்பது என்று தீர்மானிக்கும் வேலைக்கு.

வட இலங்கையின் வன்னியில் அந்த வேலைக்குச் சொல் வழக்கில் இருக்கிறது. குளத்தில் நீர் மட்டாக இருக்கும் சிறுபோகத்தில் (வறண்ட பருவ நெற்செய்கையில்) வாய்க்கால்களுக்கு முறை வைத்தே தண்ணீர் விடுவார்கள். ஒரு வயல் எவ்வளவு நாள் பொறுக்கும், எப்போது பயிர் வாடத் தொடங்கும் என்ற கணக்கும் அந்த ‘முறை’க்குள் அடங்கியிருப்பதால், ‘உபகரண முறைவைப்பு’ என்று முன்மொழிகிறேன். கணக்கிடும் மென்பொருள் ‘முறைவைப்பான்’ ஆகும். தாங்கிக்கு நீரேற்றும் மோட்டரும் சலவை இயந்திரமும் ‘தள்ளிவைக்கத்தக்க சுமைகள்’ (சுமை என்பது மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் உபகரணம்). அவற்றுள் மோட்டரை இடையில் நிறுத்தி மீண்டும் போடலாம் என்பதால் அது ‘இடைநிறுத்தத்தக்க சுமை’யுமாகும். சோறு வேகும்போது ரைஸ் குக்கரை அப்படி நிறுத்த இயலாது.

‘கம்ஃபர்ட்’ என்பதற்குச் ‘சொகுசு’ வேண்டாம். சித்திரை மாதத்தில் தகரக் கூரையின் கீழ் சுழலும் மின்விசிறியைச் சொகுசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘இதம்’ அழகான சொல், ஆயினும் வெப்பநிலையோடு நின்றுவிடுகிறது; ஆய்வுகளிலோ அறை வெப்பநிலை விரும்பிய அளவிலிருந்து விலகுவதோடு, உடுப்புத் தோய்த்து முடியக் காத்திருக்கும் தாமதமும் கணக்கில் வருகிறது. இரண்டையும் ‘சௌகரியம்’ தாங்கும். வடசொல் என்பதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை. சௌகரியக் குறைவைப் பெருக்கிச் செலவோடு கூட்டுவதற்கான எண்ணைச் ‘சௌகரிய நிறை’ எனலாம்.

இச்சொல்லுக்குக் குழுவில் தரப்பட்ட வரைவிலக்கணத்தில் ‘கட்டணத்தைக் குறைத்தல்’ என்று எழுதப்பட்டிருப்பதையும் மாற்ற வேண்டும். இலங்கையில் நேரத்துக்கேற்ப அலகு விலை மாறும் நேரவாரி மின்கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், அதன்பின் அதிகாலை 5.30 வரை மலிவு நேரம். ஆனால் வழக்கமான வீட்டுக் கட்டணம் மாதத்தில் எத்தனை அலகு என்பதையே பார்ப்பதால், அத்தகைய வீட்டில் மோட்டரை நள்ளிரவுக்கு மாற்றினாலும் மின்கட்டணப் பட்டியலில் தொகை குறையாது. மின்கம்பி எட்டாமல் சூரியத்தகடும் மின்கலமும் வைத்திருக்கும் வீட்டுக்கோ கட்டணமே இல்லை. அங்கே மோட்டரை உச்சி வெயிலில் ஓடவிடுவது மின்கலம் தேய்வதைக் குறைக்கிறது. ‘செலவு’ என்று எழுதினால் கட்டணமும் மின்கலத் தேய்வும் அடங்கும்.

ஓர் இடர்ப்பாடு உண்டு: ‘மெதட்’ என்பதற்கும் நாம் ‘முறை’ என்றே எழுதிவருவதால், ‘முறைவைப்பு முறை’ என்று வரும் இடங்கள் காதுக்கு உறுத்தும். அங்கெல்லாம் ‘முறைவைப்பு உத்தி’ என்று எழுதலாமா என்பதை உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.