பழைய ஷ்வின் எக்செல்சியருக்கு எஸ்-2 ரிம்மும் தடித்த டயரும்: விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், ரீபேக் மலைச்சரிவில் இறக்கி ஓட்டப்பட்ட வண்டிகளைப் போல, ஷ்வின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய எக்செல்சியர் மிதிவண்டிச் சட்டகம் ஒன்றை மலைமிதிவண்டியாக அமைத்து வருகிறேன். சட்டகமும் முன் ஃபோர்க்கும் தயாராகிவிட்டன; சக்கரங்கள்தான் மீதம்.

இணையத்தில் பழைய ரிம் (சக்கரத்தின் வெளிவளையம்) விற்பவர்கள் பலர் '26 அங்குலம்' என்று மட்டுமே குறிப்பிடுகிறார்கள். ஷ்வினின் எஃகு ரிம் வகைகளில் எஸ்-2 ரிம்மில் டயர் அமரும் விட்டம் 559 மி.மீ., எஸ்-7 ரிம்மிலோ 571 மி.மீ. என்பதால் ஒன்றின் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. முத்திரை துருவில் மறைந்துபோன ரிம்மைப் படத்தில் மட்டும் பார்த்து, எந்த அடையாளத்தைக் கொண்டு பிரித்தறியலாம்?

மேலும், எஸ்-2 ரிம்மின் ஓரத்தில் டயரைக் கவ்விப் பிடிக்கும் உள்மடிப்பு இல்லை. அதில் இன்றைய 2.3 அங்குல டயரைப் பொருத்தியவர்கள், எவ்வளவு காற்றழுத்தம் வரை அது நழுவாமல் இருந்தது என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

அலுமினிய ரிம்முக்கு மாறும்படி சிலர் அறிவுறுத்தக்கூடும். எடை குறையும், ரிம்மை அழுத்தும் பிரேக் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்பன உண்மையே. எனினும் நான் இரு சக்கரங்களிலும், ரிம்மைத் தொடாமல் ஹப்பில் (சக்கர மையத்தில்) இயங்கும் டிரம் பிரேக் பொருத்தவிருப்பதால் இரண்டாவது காரணம் எனக்குப் பொருந்தாது, எடையைப் பற்றியோ எனக்குக் கவலையில்லை. டிரம் ஹப்புக்கு எந்தத் தடிமனுள்ள ஸ்போக்ஸ் கம்பி தாங்கும் என்பதையும், 2.125 அங்குலப் பழைய பாணி முள் டயர் இப்போது எங்கே கிடைக்கிறது என்பதையும் அறிந்தவர்கள் இங்கேயே பதிலளிக்க வேண்டுகிறேன்.