கிளாரினெட், வயலின், பியானோ: நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

இந்த மூன்றும் ஒன்றோடொன்று கரையாத வாத்தியங்கள். ஒன்று தந்தியை வில்லால் இழைப்பது, இன்னொன்று ரீடில் (நாணல் சீவலில்) ஊதுவது, மூன்றாவது தந்தியில் சுத்தியல் தட்டி ஒலிப்பது. வயலின், செல்லோ, பியானோ சேர்ந்த வழக்கமான ட்ரியோவில் தந்தி வாத்தியங்கள் இரண்டும் பங்காளிகளாகச் சேர்ந்து பியானோவை எதிர்கொள்ளும். இங்கே செல்லோவே கிடையாது. கிளாரினெட் சில இடங்களில் வயலினின் கடைசித் தந்திக்கும் கீழே இறங்கி அடித்தளம் போடும். அடுத்த நொடியே மேலே ஏறி அதே வயலினோடு மல்லுக்கு நிற்கும். கடந்த நூறு வருஷத்தில் இந்தச் சேர்க்கைக்கு எழுதியவற்றில் எனக்குப் பிடித்தவை எல்லாமே அந்தக் கரையாத தன்மையை ஒளிக்காமல் எழுதப்பட்டவை. நேரில் கேட்டவர்கள், வாசித்தவர்கள் எழுத வேண்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். முதலில் என்னுடையது.

லண்டனில் ஒரு தேவாலயத்து மதியக் கச்சேரியில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் 'கான்ட்ராஸ்ட்ஸ்' கேட்டேன். 1938-இல் எழுதியது. ஸ்விங் ஜாஸில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த பென்னி குட்மனுக்காக எழுதியது. நடுவில் நின்று ஏற்பாடு செய்தவர் ஹங்கேரிய வயலின் கலைஞர் சிகெட்டி. அவர்கள் கேட்டது 78 சுற்று இசைத்தட்டின் இரண்டு பக்கங்களில் அடங்குகிற மாதிரி இரண்டு சிறிய பகுதிகள். 1939 ஜனவரியில் நியூயார்க் கார்னெகி ஹாலில் முதலில் ஒலித்ததும் இரண்டே பகுதிகள்தான். நடுவில் ஒரு மெதுவான பகுதி சேர்ந்து மூன்றானது. இன்று வாசிக்கப்படுவது அந்த முழு வடிவம்.

மூன்றாம் பகுதி தொடங்குமுன் வயலின்காரர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு வயலினை எடுத்தார். அதன் கீழ்த் தந்தி அரை ஸ்வரம் ஏற்றி, மேல் தந்தி அரை ஸ்வரம் இறக்கிக் கட்டப்பட்டிருந்தது. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கு நடுவே ச-ப இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு ஓரத்திலும் ச-பிரதிமத்யமம். விரலே வைக்காமல் வெறும் தந்திகளை இழுத்தாலே காது கூசுகிறது. கிராமத்துப் பிடில்காரரின் முரட்டுச் சத்தம் அது. பார்டோக் ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்தவர். அந்தச் சத்தம் அவருக்குக் காதில் இருந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு அதை வைத்துவிட்டுப் பழைய வயலினுக்குத் திரும்பினார். இசைத்தட்டில் கேட்கும்போது ஏதோ வித்தியாசம் என்று மட்டும் பட்ட இடம், நேரில் பார்த்ததும் விளங்கிவிட்டது.

அதே பகுதியின் நடுவில் வேகம் தணிந்து பல்கேரியத் தாளம் ஒன்று வரும். எட்டும் ஐந்துமாகப் பதின்மூன்று. விரலை மடக்கிப் போட்டுப் பார்த்தேன்: தகிட தக தகிட, தக தகிட. அட்சரம் பிசகாமல் உட்கார்ந்தது. சாபு தாளத்தில் பழகிய காதுக்கு அந்த இடம் வீட்டு முற்றம் மாதிரி இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

*

நான் வந்த வழி வேறு. எனக்கு முதலில் கிடைத்தது ஆர்மேனிய வம்சத்து சோவியத் இசையமைப்பாளர் கச்சத்தூரியனின் ட்ரியோ. 1932-இல், மாஸ்கோ கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) மாணவராக இருந்தபோதே எழுதியது. முதல் பகுதியில் கிளாரினெட்டும் வயலினும் ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி இழையும். அசைவும் கமகமுமாகக் காகசஸ் மலைநாட்டு ஊதுகுழல் கேட்பது போலவே இருக்கும். நான் திருச்சிக்காரன். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் ராகம் ஊதக் கேட்ட ஊர். மேற்கத்திய கிளாரினெட் என்றால் வழுவழுவென்று நேர்க்கோட்டில் போகும் என்று நினைத்திருந்தவனுக்கு இது பெரிய ஆச்சரியம். புதிதாகக் கேட்க வருகிறவர்களை நான் இதில்தான் தொடங்கச் சொல்வேன். பார்டோக் அப்புறம்.

*

ஊதுகிறவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். வேலை நேரம் போக கிளாரினெட் வாசிக்கிறேன். நண்பர்களோடு, ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'சோல்ஜர்ஸ் டேல்' (ஒரு சிப்பாயும் பிசாசும் வரும் நாடகம்) ட்ரியோ வடிவத்தை எடுத்தோம். 1918-இல் ஏழு வாத்தியங்களுக்கு எழுதியதை, மறு வருஷம் மூன்றுக்குச் சுருக்கினார். காரணம் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துப் புரவலர் வெர்னர் ரைன்ஹார்ட். மூல நாடகத்துக்குப் பணம் கொடுத்தவர் அவர். அவரே கிளாரினெட் வாசிப்பவர். அவருக்கு நன்றியாக வந்த ட்ரியோ இது. அமெச்சூர் ஒருவருக்கான அன்பளிப்பு என்று படித்துவிட்டு நோட்டேஷனைத் திறந்தால், எளிதான பக்கம் ஒன்றுகூட இல்லை.

வாசித்தால்தான் தெரிகிற சங்கதி சுருதி. கிளாரினெட்டை மெல்ல ஊத ஊதச் சுருதி மேலே நகரும். பலமாக ஊதினால் கீழே இறங்கும். குளிர்ந்த அறையில் தொடங்கும்போது இறங்கி நிற்கும், ஊதிச் சூடேறியதும் ஏறும். பியானோ எதற்கும் அசையாது. ஆகவே ஒவ்வொரு மெல்லிய முடிவிலும் நான் உதட்டைத் தளர்த்திச் சுருதியை இழுத்துப் பிடிக்க வேண்டும், வயலின்காரி விரலை மயிரிழை நகர்த்த வேண்டும், இரண்டு பேரும் பியானோ நின்ற இடத்தில் போய்ச் சேர வேண்டும். 'ஒலி சேரவில்லை' என்று சொல்கிறவர்கள், இந்த மூன்றில் அது தானாகச் சேராது என்பதை மனதில் வையுங்கள். சேரும்போது அதற்குப் பின்னால் வாரக்கணக்கில் உழைப்பு இருக்கிறது. மூலத்தில் பறை முழக்கமாக வருவதெல்லாம் இங்கே பியானோ தலையில் விழுகிறது. எங்கள் பியானோ நண்பர் கடைசியில் வரும் பிசாசின் நடனத்தை முடித்துவிட்டு மணிக்கட்டை உதறிக்கொள்வார்.

*

மிச்சிகன் மாநிலத்தில் படித்தேன். மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் 1972-இல் வெர்டேர் ட்ரியோ தொடங்கியது. வயலின் வாசித்த கணவர், கிளாரினெட் வாசித்த மனைவி, கூட ஒரு பியானோ. இந்தச் சேர்க்கைக்குப் போதிய உருப்படிகள் இல்லை என்பதால் அவர்கள் கம்போசர்களிடம் போய்ப் போய்க் கேட்டு 200-க்கும் மேற்பட்டவற்றை எழுத வைத்தார்கள். நெட் ரோரம், காரெல் ஹூசா, மெனோட்டி என்று பட்டியல் நீளும். இன்று மாணவர்களுக்கு வாசிக்க இவ்வளவு இருப்பதற்கு அந்த விடாப்பிடி பெரிய காரணம்.

ஆனால் என்னை உலுக்கியது அமெரிக்க இசையமைப்பாளர் பால் ஷோன்ஃபீல்டின் 1990 ட்ரியோ. அங்கே மாணவர்கள் வாசித்துக் கேட்டேன். ஹசிடிக் யூதர்களின் (பக்தி மரபு யூதப் பிரிவினர்) கொண்டாட்டங்களிலும் வாசிக்கலாம், கச்சேரி மேடையிலும் வாசிக்கலாம் என்று எண்ணி எழுதியது. முதல் பகுதியிலேயே கிளாரினெட் கூவி, விம்மி, வழுக்கி விழுந்து எழும். மூன்றாவது 'நிகுன்' வார்த்தையில்லாத பிரார்த்தனைப் பாட்டு. வெறும் ஆலாபனையில் கண் கலங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

*

நான் ஒரு பியானோ கலைஞருக்குப் பக்கம் திருப்பியவள். ரஷ்ய இசையமைப்பாளர் கலீனா உஸ்த்வோல்ஸ்கயாவின் ட்ரியோ. கேட்பவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். நான் பியானோவின் வயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

லெனின்கிராடில் 1949-இல் எழுதப்பட்டது. அவர் புகழ்பெற்ற சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் மாணவி. ஆனால் கடன் வாங்கியவர் ஆசிரியர்: இந்த ட்ரியோவின் ஒரு மெட்டைத் தம்முடைய ஐந்தாவது குவார்ட்டெட்டில் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கானது) எடுத்துக்கொண்டார், இறுதிக்காலத்தில் எழுதிய மைக்கலாஞ்சலோ கவிதைகளுக்கான பாடல் வரிசையிலும் அதற்குத் திரும்பினார். ட்ரியோவோ மேடையேற 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தாளில் நோட்டுகள் கொஞ்சம்தான். தனிக்கோடு, அதற்கு வெகு தூரத்தில் இன்னொரு தனிக்கோடு, நடுவில் வெறுமை. அலங்காரம் என்று ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. நடுப்பகுதியில் மூன்று பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசித்தார்கள். மூன்றாம் பகுதியில் பியானோ அடிக்க ஆரம்பித்தபோது நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கால் வழியாக அதிர்வு ஏறியது. பயமாகத்தான் இருந்தது. இது அழகான இசையா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உண்மையான இசை என்று அடித்துச் சொல்வேன். கச்சேரி முடிந்தபின் வயலின்காரர் யாரிடமும் பேசாமல் வெளியே போய் நின்றார்.

ஒன்று கேட்க வேண்டும். 'கான்ட்ராஸ்ட்ஸ்' பற்றி எழுதியவருக்கு: வீட்டில் கேட்க எந்தப் பதிவு நல்லது?

*

சகோதரி, 1940-இல் கொலம்பியா வெளியீட்டுக்காகச் செய்த பதிவையே முதலில் கேளுங்கள். குட்மன் கிளாரினெட், சிகெட்டி வயலின், பார்டோக்கே பியானோ. பழைய பதிவின் இரைச்சல் இருக்கும், பரவாயில்லை. பார்டோக்கின் கை எவ்வளவு லேசாக விழுகிறது என்று கவனியுங்கள். இன்று பலர் அதே இடங்களை ஓங்கி அடிக்கிறார்கள். முதல் பகுதியின் கடைசியில் கிளாரினெட் தனியாக ஓடுகிற இடத்தையும் விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டபின் ஏதாவதொரு புதிய பதிவை எடுத்தால் மூன்று வாத்தியங்களும் தனித்தனியாகத் துல்லியமாகக் கிடைக்கும். உஸ்த்வோல்ஸ்கயாவை நான் இன்னும் நேரில் கேட்டதில்லை. லண்டன் பக்கம் யாராவது வாசிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் இங்கே எழுதுங்கள், வந்துவிடுகிறேன்.