பொனாலியின் குத்துக்கரணத்துக்குத் தண்டனையா?

கல்லடிவாசி: ஐஸ் என்றால் எனக்கு மீன்பெட்டிதான் நினைவுக்கு வரும். பேத்தி காட்டிய பழைய காணொளியில், பிரான்சின் ஐஸ் சறுக்கு நடன வீராங்கனை சூர்யா பொனாலி (பெயரைப் பாருங்கள், நம்மூர்ப் பிள்ளை போல!) ஐஸ் மீது பின்பக்கமாகக் குத்துக்கரணமடித்து ஒற்றைக் காலில் இறங்குகிறார். அதற்கு ஏன் புள்ளியைக் குறைத்தார்கள்?

கல்முனையான்: 1976 ஒலிம்பிக்கில் ஒருவர் அடித்த பிறகு அதைத் தடைசெய்துவிட்டார்கள். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் காயத்தோடு ஆடிய பொனாலி, தெரிந்தேதான் அடித்தார். பத்தாமிடம்.

ஆரையம்பதி அக்கா: ஐந்து முறை ஐரோப்பியச் சாம்பியன், உலகப் போட்டிகளில் மூன்று வெள்ளி. 1994 இல் அணிவித்த வெள்ளியை மேடையிலேயே கழற்றியவர். எனக்குப் பிடித்ததே அந்தக் கோபம்தான்.

கல்லடிவாசி: தடை இன்னும் இருக்கிறதா, தங்கச்சி?

ஆரையம்பதி அக்கா: 2024 இல் நீக்கிவிட்டார்கள், அண்ணா.

கல்லடிவாசி: 26 வருடம் பிந்தி! இங்கே பேத்தி மெத்தையில் பழகுகிறாள். கட்டில் சட்டம் ஒன்று போய்விட்டது.