ஹைலக்ஸில் பெரிய ஸ்டெப்னியை எங்கே வைப்பது?

வணக்கம் நண்பர்களே. டபுள் கேப் ஹைலக்ஸ் பிக்கப்பில் லிவா, வஹீபா மணல்மேடுகள் பக்கம் கேம்பிங் போகிறவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

265/65 ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 போட்டிருக்கிறேன். விட்டம் 776 மி.மீ.யிலிருந்து 831 ஆகிவிட்டது. ஐந்தரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் பின்னால் சாமான் ஏற்றும் பெட்டுக்கு அடியில் சங்கிலியில் ஏற்றும் ஸ்டெப்னி இடத்தில் புது டயர் உட்காரவில்லை. ஒரு பக்கம் முட்டிக்கொண்டு கோணலாகத் தொங்குகிறது. அப்படியே இறுக்கிக் கட்டினாலும் மணல்மேட்டிலிருந்து இறங்கும்போது முதலில் தரை தட்டப்போவது அதுதான்.

பெட்டில் படுக்கப் போட்டால் பாதி இடம் போச்சு. ஃப்ரிட்ஜ், தண்ணீர் கேன், அடுப்பு எல்லாம் எங்கே போகும்? கேபினை ஒட்டி நிமிர்த்தி ராட்செட் பெல்ட்டால் கட்டலாம் என்பது இப்போதைய யோசனை. ஆனால் பஞ்சரானால் மொத்தச் சாமானையும் மணலில் இறக்கிய பிறகுதான் அதைத் தொடவே முடியும். பெட்டை மூடும் கேனபி மேல் டென்ட் இருக்கிறது. இல்லாவிட்டாலும் ரிம்மோடு 40 கிலோவை அந்த உயரத்துக்கு ஏற்ற மனசில்லை. (மச்சான் ஏற்றித் தருகிறேன் என்கிறான், பாலைவனத்தில் இறக்குவது யார்?)

பின் பம்பரில் கதவு மாதிரித் திறக்கும் கேரியர் போட்டவர்கள் இருக்கிறீர்களா? மேடுபள்ளத்தில் கீல் ஆடுகிறதா? நம்பர் பிளேட் மறைகிறதா? அமீரகத்தில் பாசிங்கில் (வண்டிச் சோதனையில்) விடுகிறார்களா?

பழைய அளவு டயரையே ஸ்டெப்னியாக வைக்கச் சொல்லாதீர்கள். விட்டம் வேறான டயரோடு ஃபோர் வீல் போட்டால் கியருக்குத்தான் கேடு. படம் இருந்தால் போடுங்கள்.