கம்யூனிட்டி கல்லூரியில் நர்சிங் (ஏ.டி.என்.): இந்தியப் பட்டம் உள்ளவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: ஃப்ரீமான்ட்வாசி

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் கணவருடனும் பள்ளி செல்லும் மகளுடனும் வசித்து வருகிறேன். தமிழ்நாட்டில் நுண்ணுயிரியலில் பி.எஸ்சி. முடித்து, திருமணத்துக்கு முன்பு ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் சில காலம் வேலை பார்த்தேன். இப்போது, கணவரின் ஹெச்1பி வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குக் கிடைக்கும் ஹெச்4 விசாவில் இருக்கிறேன். வேலை அனுமதி அட்டையும் வந்துவிட்டது.

கம்யூனிட்டி கல்லூரி எனப்படும் இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி ஒன்றில் ஏ.டி.என். என்ற இரண்டாண்டு நர்சிங் பட்டம் பெற்றுச் செவிலியராக வேண்டும் என்பது என் விருப்பம். எங்கள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தொலைவில் ஓலோனி, சபோ, எவர்கிரீன் வேலி, டி ஆன்சா ஆகிய கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை விதிகளையும் படித்துப் பார்த்தேன். நிபந்தனைகள் ஒன்றுபோலத் தோன்றினாலும் நுணுக்கங்களில் வேறுபடுவதால், எதை முதலில் செய்வது என்று விளங்கவில்லை.

நுண்ணுயிரியலிலேயே பட்டம் பெற்ற நான் அந்தப் பாடத்தை இங்கே மறுபடியும் படிக்க வேண்டுமா? விண்ணப்பித்தவர்களில் யாரை எடுப்பது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பதால், நேராக பி.எஸ்.என். என்ற நர்சிங் இளங்கலைப் பட்டம் படிப்பதுதான் நல்லது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், அதுவும் சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: இரவுப்பணி

வணக்கம் சகோதரி. நான் இந்த மாநிலத்தில் ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் ஏ.டி.என். முடித்து இப்போது மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். இதை இரண்டாண்டுப் படிப்பு என்று சொன்னாலும், அந்த இரண்டாண்டு தொடங்குவதற்கு முன்பு முடிக்க வேண்டிய முன்தகுதிப் பாடங்களுக்கே பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. நீங்கள் உண்மையில் போட்டியிடப் போவது அங்கேதான். நர்சிங் வகுப்பில் அல்ல.

ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் கேட்பவை உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகிய மூன்றும் ஆய்வுக்கூட வகுப்புடன், கல்லூரி அளவிலான ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஒன்றும் ஆகும். இவை தவிர உளவியல், பேச்சுத் தொடர்பியல், புள்ளியியல் போன்றவற்றைச் சில கல்லூரிகள் விண்ணப்பத்துக்கு முன்பே கேட்கும். சில கல்லூரிகள் பட்டம் பெறுவதற்குள் முடித்தால் போதும் என்று விட்டுவிடும். வேதியியல் நேரடியாக நிபந்தனையில் இல்லாத கல்லூரியிலும், உடலியங்கியல் வகுப்பில் பதிவு செய்ய வேதியியல் முடித்திருக்க வேண்டும் என்று இருக்கக்கூடும். ஆகவே பாடங்களை ஒரே பருவத்தில் அடுக்கிவிட முடியாது. வேதியியல், உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகர வேண்டியிருக்கும். புதிய மாணவர்களுக்குப் பதிவு நாள் கடைசியில் வருவதால், ஆய்வுக்கூட வகுப்புகள் அதற்குள் நிரம்பிவிடுவதும் உண்டு.

உங்கள் பி.எஸ்சி. பற்றி: வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வழியாகப் பாடவாரியாக மதிப்பிட்டுத் தருமாறு கல்லூரி கேட்கும். பொதுக்கல்விப் பாடங்களுக்கு அந்த மதிப்பீடு பயன்படலாம். ஆனால் மூன்று உயிரியல் பாடங்களையும் அமெரிக்கக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்றும், அதுவும் கடந்த 5 அல்லது 7 ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்றும் பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. எனவே நுண்ணுயிரியலை மறுபடி படிப்பீர்கள் என்றே திட்டமிடுங்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை; தெரிந்த பாடத்தில் எளிதாக ஏ கிரேடு வாங்கலாம், அந்தக் கிரேடு உங்களுக்குத் தேவைப்படும்.

ஏன் தேவைப்படும் என்றால், இங்கே ஒரு பாடத்தில் சி கிரேடு வாங்கித் தேறிவிட்டால், கிரேடை உயர்த்திக்கொள்வதற்காக அதே பாடத்தைக் கம்யூனிட்டி கல்லூரியில் மறுபடி எடுக்கப் பொதுவாக அனுமதி இல்லை. அந்த சி உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பாதியில் விலகினால் பதிவாகும் டபிள்யூ-வும் ஒரு முயற்சியாகவே கணக்கில் வரும். ஆகவே மகளின் பள்ளி, வீட்டு வேலை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, ஒரு பருவத்துக்கு ஓர் அறிவியல் பாடம் மட்டும் எடுத்து அதில் ஏ வாங்குவது, இரண்டு எடுத்து இரண்டிலும் பி வாங்குவதைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து.

தேர்வு முறைக்கு வருகிறேன். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுதி என்பதால், சில கல்லூரிகள் குலுக்கல் நடத்துகின்றன. பல கல்லூரிகள் மாநிலச் சட்டம் அனுமதிக்கும் முறையில், பல அளவுகோல்களைப் பார்த்துப் புள்ளிகள் தருகின்றன. முன்தகுதிப் பாடங்களின் சராசரி, டீஸ் நுழைவுத் தேர்வு மதிப்பெண், ஏற்கெனவே பெற்ற பட்டங்கள், மருத்துவத் துறை வேலை அல்லது தன்னார்வப் பணி, வாழ்க்கைச் சூழல் ஆகியவை அதில் அடங்கும். தமிழர்கள் பலர் கவனிக்காத ஒன்றும் அதில் இருக்கிறது: ஆங்கிலம் அல்லாத மொழித் திறனுக்கும் புள்ளி உண்டு, அந்தச் சட்டத்தின் பட்டியலில் இந்தியத் துணைக்கண்ட மொழிகளும் இடம்பெற்றுள்ளன. தமிழ் தெரியும் என்பதை எப்படி நிரூபிக்க வேண்டும் என்பதை அந்தந்தக் கல்லூரி வகுத்திருக்கும். விண்ணப்ப நாளுக்கு வெகு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டீஸ் தேர்வில் வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலப் பயன்பாடு என்ற நான்கு பகுதிகளில் 170 கேள்விகள். நேரம் 209 நிமிடங்கள். கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் தேறுவதற்கு 62 விழுக்காடு போதும். தேறுவது வேறு, புள்ளி வாங்குவது வேறு. பல இடங்களில் முதல் முறை எழுதிய மதிப்பெண்தான் கணக்கு. எனவே உடலியங்கியல் முடிந்த சூட்டோடு எழுதுங்கள், முன்னோட்டமாக எழுதிப் பார்க்கும் தேர்வல்ல அது.

கடைசியாக ஒன்று. நீங்கள் குறிப்பிட்ட கல்லூரிகளில் டி ஆன்சா மட்டும் ஆண்டை காலாண்டுகளாகப் பிரித்து நடத்துவது. மற்றவை அரையாண்டுப் பருவம். டி ஆன்சாவில் உடற்கூறியலும் உடலியங்கியலும் ஒன்றாகக் கலந்து மூன்று காலாண்டுத் தொடராக வரும். அதில் இரண்டை முடித்துவிட்டு வேறு கல்லூரிக்குப் போனால், அங்கே அவை முழுப் பாடமாக ஏற்கப்படுவது கடினம். எந்தத் தொடரைத் தொடங்குகிறீர்களோ அதை அங்கேயே முடியுங்கள்.

பதில் 2: நாலாண்டுக்காரன்

மேலே சகோதரி எழுதியவை விவரங்களில் சரியானவை. ஆனால் கேட்டவரின் கடைசிக் கேள்வியை அவர் தொடவே இல்லை. எனக்கு அதுதான் முதன்மையான கேள்வியாகப் படுகிறது.

உரிமத் தேர்வான என்க்ளெக்ஸ், ஏ.டி.என். முடித்தவருக்கும் பி.எஸ்.என். முடித்தவருக்கும் ஒன்றே, உரிமமும் ஒன்றே. மில்ட்ரெட் மாண்டேக் 1951-ஆம் ஆண்டில் முன்வைத்து, அடுத்த ஆண்டே சோதனை முறையில் தொடங்கிய இந்த இரண்டாண்டுப் படிப்பு, முழுத் தகுதி பெற்ற செவிலியருக்கு ஒரு படி கீழான தொழில்நுட்பச் செவிலியரை உருவாக்கவே எண்ணப்பட்டது. உரிமம் பொதுவாகிப் போனதால் அந்தப் படி மறைந்துவிட்டது. சட்டத்தில்தான் மறைந்தது, வேலைச் சந்தையில் மறையவில்லை. 2010-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற ஆலோசனை அமைப்பு, 2020-க்குள் செவிலியரில் 80 விழுக்காட்டினர் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்த பிறகு, பெரிய மருத்துவமனைகள் புதியவர்களை எடுக்கும்போது பி.எஸ்.என்.-ஐயே நாடுகின்றன. நியூயார்க் மாநிலம் 2017-இல் இயற்றிய சட்டப்படி, அங்கே புதிதாக உரிமம் பெறுபவர் பத்தாண்டுக்குள் இளங்கலைப் பட்டம் பெற்றாக வேண்டும். கலிஃபோர்னியாவில் அப்படிச் சட்டம் இல்லை என்றாலும், பொதுச் சுகாதாரச் செவிலியர் சான்றிதழுக்கு இளங்கலை வேண்டும்.

வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கென ஒன்று முதல் ஒன்றரை ஆண்டில் முடியும் துரித பி.எஸ்.என். படிப்புகள் உண்டு. கட்டணம் அதிகம்தான்; தனியார் கல்லூரிகளில் பல பத்தாயிரம் டாலர்கள், சில இடங்களில் ஒரு லட்சத்தையும் தாண்டும். ஆனால் ஓராண்டு முன்னதாக வேலைக்குப் போனால் கிடைக்கும் சம்பளத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? முன்தகுதிப் பாடங்கள் எப்படியும் பெருமளவு ஒன்றே என்பதால், அவற்றைக் கம்யூனிட்டி கல்லூரியில் முடித்துவிட்டு இரண்டு பக்கமும் விண்ணப்பிப்பது நல்லது என்பேன்.

பதில் 3: இரவுப்பணி

சகோதரர் சொல்வது நியாயம். இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் புதியவர்களுக்கு முதல் வேலை கிடைப்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனினும் கட்டணக் கணக்கை முழுதாக வைத்துப் பார்ப்போம். மாநிலவாசிக்கு அரையாண்டு முறைக் கல்லூரியில் ஒரு யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். முன்தகுதிப் பாடங்களுடன் சேர்த்து 80 யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் 3,680 டாலர்தான். புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி என்றாலும், கடன் வாங்காமல் முடிக்கலாம். முடித்து வேலையில் சேர்ந்தபின், மருத்துவமனையே கட்டணத்தில் ஒரு பங்கைத் தர, இணையவழியில் பி.எஸ்.என். முடித்தவர்கள் என்னுடன் பலர் இருக்கிறார்கள். சில கல்லூரிகளில் ஏ.டி.என். படிக்கும்போதே மாநிலப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.என். பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

அத்துடன், துரிதப் படிப்பில் வாரம் முழுவதும் கல்லூரியே கதி என்று இருக்க வேண்டும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அது யாருடைய தோளில் விழும் என்பதைச் சகோதரியும் அவர் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். டாலர் கணக்கில் மட்டும் தீராது.

பதில் 4: ஹூஸ்டன் செவிலி

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே பல கல்லூரிகள் டீஸுக்குப் பதிலாக ஹெசி தேர்வைக் கேட்கின்றன. கட்டணமும் கல்லூரியின் வரி மாவட்டத்துக்குள் வசிக்கிறீர்களா என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே வேறு மாநிலத்தார் இந்த விவரங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லா மாநிலத்துக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லலாம். இடம் கிடைத்தபின், மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகுமுன், குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ், தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி தடுப்பாற்றல் சான்றுகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். காசநோய்ச் சோதனையும் உண்டு. நம் ஊரில் பிறந்தவர்களுக்குச் சிறுவயதில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலே நேர்மறையாகக் காட்டக்கூடும். பிறகு மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைய நேரும். முதலிலேயே குவான்டிஃபெரான் போன்ற இரத்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள், பி.சி.ஜி. அதைப் பாதிப்பதில்லை.

இன்னொன்று: இந்தியாவிலேயே பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் இந்தப் பதில்களை வாசித்துவிட்டு மறுபடி ஏ.டி.என். சேர வேண்டும் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் மாநிலச் செவிலியர் வாரியத்துக்குச் சான்றுகளை அனுப்பி, நேராக என்க்ளெக்ஸ் எழுத விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது.

ஃப்ரீமான்ட்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்தகுதிப் பாடங்களைக் கம்யூனிட்டி கல்லூரியில் தொடங்குவதில் இனி எனக்குத் தயக்கம் இல்லை. ஹெச்4 விசாவில் இருப்பவருக்கு மாநிலவாசிக் கட்டணம் கிடைக்குமா என்பதும், படிப்பு முடிவதற்குள் வேலை அனுமதி அட்டைக்கு ஏதேனும் நேர்ந்தால் உரிமம் கிடைக்காமல் போகுமா என்பதும் மட்டும் உறுத்துகின்றன.

பதில் 5: இரவுப்பணி

ஹெச்4-இல் இருப்பவர் விசாவை மாற்றாமலே படிக்கலாம். படிப்பதற்கு வேலை அனுமதி அட்டை தேவையில்லை, பயிற்சி நேரங்களுக்குச் சம்பளம் இல்லை என்பதால் அவற்றுக்கும் அது குறுக்கே வராது. கலிஃபோர்னியாவில் ஹெச்4 விசாதாரர் மாநிலவாசி ஆவதற்குத் தடை இல்லை. பருவம் தொடங்கும் முன் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்திருப்பதையும், இங்கேயே நிலைத்து வாழும் எண்ணத்தையும் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், மாநில வருமான வரிக் கணக்கு ஆகியவற்றில் உங்கள் பெயரும் இருக்கட்டும். கணவர் பெயரில் மட்டுமே எல்லாம் இருப்பதுதான் நம்மவர்களுக்கு அலுவலகத்தில் வரும் சிக்கல்.

உரிமத்தைப் பொறுத்தவரை, கலிஃபோர்னியா செவிலியர் வாரியம் சமூகப் பாதுகாப்பு எண் அல்லது தனிநபர் வரி எண், இரண்டில் ஒன்றை ஏற்கிறது. எனவே அட்டை காலாவதியானால் தடைபடுவது வேலையே தவிர உரிமம் அன்று. கணவரின் ஹெச்1பி நிலை மாறி, நீங்கள் மாணவர் விசாவுக்குப் போக வேண்டிய நிலை வந்தால்தான் கவலை; அப்போது மாநிலவாசிக் கட்டணம் கைவிட்டுப் போய், யூனிட்டுக்குப் பல மடங்கு கட்ட நேரிடும்.

இப்போதைக்கு இரண்டு வேலைகளைத் தொடங்குங்கள். உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் சான்றுகளை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பச் சொல்லி விண்ணப்பியுங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது, ஊரில் யாராவது நேரில் போய்க் கேட்டால் விரைவாக நடக்கும். அடுத்து, விரும்பும் கல்லூரிகளின் நர்சிங் ஆலோசகரைத் தனித்தனியாகச் சந்தித்து, பழைய பட்டத்துக்குப் புள்ளி உண்டா, அறிவியல் பாடங்களுக்கு ஆண்டு வரம்பு எவ்வளவு என்ற இரண்டையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன; நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியே உங்களுக்குப் பொருந்தும் என்பதால், ஒவ்வொரு இலையுதிர் பருவத்திலும் ஒருமுறை சரிபார்க்கத் தவறாதீர்கள்.