எடை மெஷினை ஒதுக்கி வச்சவங்க யாரையாவது பார்த்திருக்கீங்களா? பார்த்ததை எழுதுங்க

கல்லுக்கட்டி கோச்:
காரைக்குடி. 52 வயசு ஆச்சி. 11 வாரம், வாரத்துக்கு 3 நாள் வெயிட் ட்ரெயினிங். வந்தப்ப எடை 68.4 கிலோ, 11 வாரம் முடிஞ்ச அன்னைக்கு 68.1. "300 கிராமுக்கா இந்தப் பாடு? கணக்கை முடிச்சுக்கங்க தம்பி"ன்னு நின்னாங்க.

நோட்டுல இருந்தது வேற. கோப்லெட் ஸ்குவாட் (எடையை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து எழுறது) 6 கிலோ 8 தடவையில ஆரம்பிச்சு 14 கிலோ 10 தடவை. கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு 30 விநாடியில நாற்காலியை விட்டு எழுந்து உட்கார்றது, 11 முறையிலிருந்து 17. இடுப்பு 94 செ.மீ., இப்ப 90. கொழுப்பு இறங்கி அந்த இடத்துல தசை ஏறினா மெஷினுக்கு அது தெரியாது.

நோட்டை ஆச்சி திரும்பிக்கூடப் பார்க்கலை. ரெண்டு நாள் கழிச்சு பழைய கண்டாங்கிக்குத் தைச்ச ரவிக்கையைப் போட்டுக்கிட்டு வந்து, கொக்கியெல்லாம் மாட்டினபடியே ரெண்டு விரலை உள்ள விட்டுக் காட்டினாங்க. அவ்வளவுதான். ஃபீஸைக் கட்டிட்டுப் போயிட்டாங்க.

நாற்காலி டெஸ்ட் எடுக்கிறவங்களுக்கு: உட்கார்ற உயரம் 43 செ.மீ., கைப்பிடி இல்லாதது, முதுகுப்பக்கம் சுவரை ஒட்டி இருக்கணும். ஆத்தங்குடி கல்லு போட்ட தரையில பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிக்கிட்டுப் போயிடும். ரப்பர் மேட்டை விரிச்சுட்டுப் போடுங்க. அடுத்த தடவையும் அதே நாற்காலிதான். ரெண்டு செ.மீ. உயரம் கூடினாலே எண்ணிக்கை ஏறிடும்.

தேவகோட்டை தையல்:
கோச், ரவிக்கையை வச்சு இடுப்பு இளைச்சுதுன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. ரவிக்கை காட்டுறது மார்பையும் கையையும். அதுவும் பருத்தி உடுத்த உடுத்த இளகும், துவைச்சா இழுத்துக்கும். ஒரே துணியைத் துவைச்ச மறுநாள்தான் போட்டுப் பார்க்கணும்.

கடைக்கு வர்ற ஒரு பெரியவர் பத்து வருஷமா "இடுப்பு 34, அளக்க வேண்டாம், அப்படியே வெட்டு"ம்பார். அவருக்கு அத்தாட்சி அரைஞாண். இன்னும் அதே முடிச்சுல நிக்குதாம். நின்னுச்சு, ஆனா தொப்பைக்குக் கீழ இறங்கி நின்னுச்சு. போன மாசம் சரியான இடத்துல டேப்பைச் சுத்தினா 41. டேப்பைத் தானே பிடுங்கி எண்ணைப் பார்த்தார். அப்புறம் முதல் அங்குலம் அறுந்திருக்கான்னு தலைப்பைத் தடவிப் பார்த்தார். சந்தேகம் நியாயந்தான், அறுந்த டேப் ஊர்ல நிறைய இருக்கு. இது முழு டேப்.

வேட்டியும் சேலையும் இந்த விஷயத்துல ஏமாத்தும். எவ்வளவு பெருத்தாலும் கட்டிக்கலாம், கொசுவத்துல ஒண்ணு குறையும், அவ்வளவுதான். பாவாடை நாடா அப்படியில்ல. முடிச்சு விழுற இடத்துல மார்க்கர்ல ஒரு புள்ளி வச்சா மூணு மாசத்துல புள்ளி எங்க போகுதுன்னு தெரியும்.

டேப்பால அளக்கிறதுன்னா இப்படி: பக்கவாட்டுல கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்க, கீழ இடுப்பெலும்போட மேல்விளிம்பைத் தொட்டுப் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல பொட்டு. தொப்புளை நம்பாதீங்க, தொப்பை சரியச் சரிய அதுவும் இறங்கும். வெறும் உடம்புல சுத்தணும். பின்பக்கம் டேப் சரியும், அதனால கண்ணாடி முன்னாடி பக்கவாட்டுல நின்னு பாருங்க. சாதாரணமா மூச்சை விட்டு முடிக்கிற இடத்துல படிக்கணும், எக்கக் கூடாது. டேப் தோலைத் தொடணும், பள்ளம் விழக்கூடாது. ரெண்டு தடவை அளந்து 1 செ.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவது தடவை. காலையில, கழிப்பறை போயிட்டு வந்து, சாப்பிடுறதுக்கு முன்னாடி. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போதும். துணி டேப் நாள்பட்டா நீளும், வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டீல் ஸ்கேல் பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்ம ஆட்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ.ன்னு வரம்பு வச்சிருக்காங்க. அது மறந்துபோனா உயரத்துல பாதிக்குக் கீழ இருக்கான்னு பாருங்க.

குன்றக்குடி படி:
டேப்புக்கு இவ்வளவு பேச்சா. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர் ஒருத்தர், அறுபது தாண்டினவர். கார்த்திகை, மார்கழி முழுக்க குன்றக்குடி மலை அடிவாரத்துலேருந்து சண்முகநாதர் சன்னதி வரைக்கும் நிக்காம ஏறுவார். மேல போனதும் உட்கார்ந்து மணிக்கட்டுல ரெண்டு விரல், கண்ணு கடிகாரத்துல. ஒரு நாள் குருக்கள் விபூதித் தட்டை நீட்டினார், மனுஷன் கையை எடுக்கலை. குருக்களும் சிரிச்சுக்கிட்டே நெத்தியில பூசிவிட்டுட்டுப் போயிட்டார்.

கணக்கு இதுதான். உட்கார்ந்த உடனே நாடித்துடிப்பை 15 விநாடி எண்ணி நாலால பெருக்கணும். சரியா ஒரு நிமிஷம் விட்டு மறுபடி 15 விநாடி. ஆரம்பத்துல 140, அப்புறம் 124. எட்டு வாரம் கழிச்சு 136, 104. அந்த இறக்கம் 16லேருந்து 32 ஆச்சே, அதைப் பாருங்க. ஏறின நேரத்தை மட்டும் வச்சுப் பேசினா ஏமாந்துடுவீங்க. வெயில் ஏறினப்புறம் வெறுங்கால்ல கல் சுடும், யாரா இருந்தாலும் வேகமாத்தான் ஏறுவாங்க. அந்த நேரத்தைச் சாதனைன்னு எழுதிடாதீங்க. கிருத்திகைக் கூட்டமும் கணக்குல சேராது. காபி குடிச்சுட்டு ஏறினாலும் துடிப்பு கூடத்தான் காட்டும்.

நடுவுல ஒரு வாரம் திடீர்னு எல்லா எண்ணும் இறங்குச்சு, மனுஷனுக்கு ஒரே குஷி. பார்த்தா பிபி மாத்திரையை மாத்தியிருக்காங்க. சில மாத்திரை துடிப்பையே அடக்கி வச்சிடும். மாத்திரை மாறின நாளை நோட்டுல கோடு போட்டுப் பிரிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கணும்.

புதுவயல்:
கொழுப்பு சதவீதம் காட்டுற மெஷினை வாங்கிடுங்களேன், முடிஞ்சது.

கல்லுக்கட்டி கோச்:
முடியல. அது கால்ல சின்னதா கரண்ட்டை விட்டு உடம்புல இருக்கிற தண்ணியை வச்சு ஊகம் பண்ணுது. ஈரக்கால், காய்ஞ்ச கால், பித்தவெடிப்பு எல்லாத்துக்கும் ஒவ்வொரு எண். ஒரு பையன் கல்யாண வீட்டுக்கு முந்தின நாள் காலையில 24.1. ரெண்டு நாள் கவுனி அரிசி, பால் பணியாரம்னு சாப்பிட்டுட்டு வந்தா 22.6, எடை 1.8 கிலோ கூட. கொழுப்புக் குறைஞ்சுடுச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டான்! மாவுச்சத்து உடம்புல கிளைக்கோஜனா (சேமிப்புச் சர்க்கரையா) சேருறப்ப ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணியையும் கூட வச்சுக்கும். தண்ணி கூடினதை மெஷின் தசைன்னு எடுத்துக்கிச்சு.

கானாடுகாத்தான் வளவு:
ஃபோட்டோ எடுக்கிறவங்க வளவுல, அதான் வீட்டு நடுமுற்றத்துல, நின்னு எடுக்காதீங்க. திறந்த வானத்து வெளிச்சம் மேலேயிருந்து செங்குத்தா விழும், உச்சி வேளையில நின்னா யாருக்கும் வயித்துல கட்டு தெரியும். தூணை ஒட்டி, நிழல்ல, காலை 7 மணி. தரையில பூப்போட்ட கல்லு இருக்குல்ல, அதுவே அளவு: கால் எந்தப் பூ மேல, ஃபோன் எத்தனை கல்லு தள்ளின்னு எழுதி வச்சுக்குங்க. ஃபோன் தொப்புள் உயரம், முன், பக்கம், பின் மூணும். மாசம் ஒண்ணு போதும்.

தேவகோட்டை தையல்:
மறுபடியும் தொப்புள்.

கானாடுகாத்தான் வளவு:
அண்ணே, அது ஃபோனுக்கு! தொப்புள் இறங்கிடும்னா ஸ்டாண்டுல கோடு போட்டு வச்சுக்கிறேன், சரியா?